நெல்லிப்பத்தனையில் அமைதி நிலைநாட்டப்பட்ட விதம்

நெல்லிப்பத்தனைக்கு அமைதி தேவைப்படுகிறது என்பது அங்கே பிறந்து வளர்ந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கொழும்பிலிருந்து ஆட்கள் வந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

கண்டியிலிருந்து தெல்தோட்டை பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே மேலே நடந்தால் ஊர் வரும். ஒரு கடைத்தெரு, ஒரு பள்ளிவாசல், அதைச் சுற்றி முஸ்லிம் வீடுகள். அதற்கு மேலே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், கீழ்ப்பிரிவு லயங்கள். மலைமுகட்டைத் தாண்டினால் மேற்பிரிவு லயங்கள். இத்தனைக்கும் நடுவே, எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, வெள்ளைக்காரன் கட்டி வைத்துவிட்டுப் போன துரை பங்களா.

அந்தப் பங்களாவை வாங்கி ஹோட்டல் ஆக்கியவர் தனபாலன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் படித்து, லண்டனில் பாதி ஆயுளைக் கழித்துக் களைத்துப் போனவர். ஹோட்டலுக்கு ‘மௌனகிரி’ என்று பெயர் வைத்தார். அவரைப் பார்த்து, கொழும்பில் களைத்துப் போயிருந்த இன்னும் சிலர் வந்து சுற்றிவர இருந்த வளவுகளை வாங்கினார்கள். வேலிகள் மதில்களாயின. கிணற்றடிக்குப் போகிற குறுக்குப் பாதையில் ஒரு கேற் முளைத்தது.

மௌனகிரியில் தங்கியவர்கள் காசு கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு இது முதலில் பிடிபடவில்லை. கோபத்தில் பேசாமல் இருப்பவர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள், அது இலவசம். ஆனால் பேசாமல் இருந்ததில் ஒரு சங்கடம் இருந்தது. பேசாமல் இருப்பவர்களுக்கு மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்டுவிடுகிறது. சேவல் கேட்டது. மீன்காரன் கேட்டான். லயத்துப் பைப்படியில் நடக்கிற தண்ணீர்ச் சண்டை, வசனம் வசனமாகக் கேட்டது. இப்படித்தான் நெல்லிப்பத்தனை மலையமைதி மற்றும் மரபுப் பேணல் சபை உருவாயிற்று. தலைவர் தனபாலன். செயலாளர் சப்னா, கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து வந்து, மௌன சிகிச்சை என்று ஒன்றைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த இளம் பெண். ஊர் ஆள் ஒருவராவது இருந்தால்தான் நன்றாயிருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றியதால், கடைக்கார றவூப் சமூக இணைப்பாளர் ஆனான்.

றவூப் நல்லவன். எல்லோரோடும் ஒத்துப்போகிறவன். அவனுடைய கஷ்டம் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

வாப்பா விட்டுப்போன சில்லறைக் கடை அவனுடையது. புதியவர்கள் வரத் தொடங்கியதும் அவன் கடையின் முன்பக்கத்தில் ஓட்ஸும் பாதாம் பாலும் வைத்தான். சப்னா ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாமான் வாங்கியதைப் பார்த்துவிட்டுக் கருவாட்டுச் சாக்கைப் பின்பக்கத்துக்கு மாற்றினான். கருவாடு பின்பக்கம் போனதும் கருவாடு வாங்குகிறவர்களும் பின்பக்கம் போனார்கள். லயத்து ஆட்கள் பின்கதவில் வந்து நின்று “நானா” என்று அண்ணன் முறையில் கூப்பிடப் பழகிக்கொண்டார்கள். யாரும் அவர்களை அப்படி வரச் சொல்லவில்லை. அதனால் தன்மேல் குற்றமில்லை என்று றவூப் நினைத்தான். அப்படி நினைக்க வேண்டியிருந்ததே கொஞ்சம் உறுத்திற்று.

சபைக் கூட்டம் பங்களா வராந்தாவில் நடக்கும். கதிரைகளை எல்லாம் எடுத்துவிட்டுத் தலையணை போட்டிருப்பார்கள். தரையில் இருப்பதுதான் உள்ளூர்ப் பண்பாடாம். ஊரில் விருந்தாளி வந்தால் முதலில் கதிரையைத்தான் தூசு தட்டி வைப்பார்கள் என்பதை றவூப் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு சப்பணமிட்டு உட்கார்ந்தான். கழுத்தில் பச்சை நாடாவில் சபையின் அட்டை ஒன்றைத் தொங்கவிட்டார்கள். கூட்டம் ஐந்து நிமிட மௌனத்தோடு தொடங்கும். முதல் கூட்டத்தில் றவூப் தூங்கிவிட்டான். ‘இணைப்பாளர் ஆழ்ந்த பங்களிப்பை வழங்கினார்’ என்று சப்னா குறிப்பில் எழுதினாள்.

முதலில் எடுத்துக்கொண்டது சேவல்களை. காலை ஏழு மணிக்கு முன் எந்தச் சேவலும் கூவக்கூடாது என்று தீர்மானம். இதைச் சேவல்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்று ஒரு கேள்வி வந்தது. கூடுகளைக் கறுப்புத் துணியால் மூடினால் விடியாதது மாதிரி இருக்குமென்று சப்னா சொன்னாள். சபை செலவில் துணி கொடுத்தார்கள். றவூப் வீடு வீடாகப் போய்க் கட்டிவிட்டு வந்தான். விடிந்ததும் தோட்டத்துக்கு ஓடுகிற பெண்கள் துணியை அவிழ்க்க மறந்தார்கள். உச்சிப்பொழுதில் யாராவது வந்து அவிழ்த்ததும், நெல்லிப்பத்தனைச் சேவல்கள் அனைத்தும் பகல் பன்னிரண்டு மணிக்கு, மௌனகிரியின் பிரதான தியான வேளையில், விடிந்துவிட்டதென்று ஒன்றாக அறிவித்தன. சபை அதன் பிறகு சேவல்களைப் பற்றி மேலும் ஆராயத் தீர்மானித்தது.

பிறகு மீன்காரன் மணியடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமென்றார்கள். பாண் ரொட்டி கொண்டுவரும் ஓட்டோவின் பாட்டை நிறுத்தச் சொல்லப் போனபோது, அது பெரிய ஜெர்மன் இசைமேதை ஒருவரின் மெட்டு என்று தனபாலன் கண்டுபிடித்தார். அதனால் அது மரபு என்று விட்டுவிட்டார்கள். ஹோட்டலின் ஜெனரேட்டர் சத்தம் ‘பின்னணி’ என்ற பிரிவில் சேர்ந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கூட்டத்தில் சப்னா பள்ளிவாசல் ஒலிபெருக்கியைப் பற்றி மெதுவாக ஆரம்பித்தாள்.

“நானும் முஸ்லிம்தான், தப்பா எடுக்க வேணாம். சும்மா ஒரு யோசனை. பாங்கை வட்ஸ்அப்ல அனுப்பினா என்ன?”

றவூப் முதன்முறையாகத் தலையணையை விட்டு எழுந்து நின்றான்.

“அது மட்டும் ஏலா மிஸ். ஊர்ல ஒரு மௌத்து உழுந்தா அதுலதான் செல்ற. அது இல்லாட்டி மையத்து தூக்க ஆள் வராது.”

தனபாலன் சிரித்துக்கொண்டே கையை உயர்த்தினார்.

“ஐயோ றவூப், இருங்கோ, இருங்கோ. ஆர் இதைப் போட்டது? இது நிரலிலை இருக்கேல்லையே. சப்னா, வெட்டி விடுங்கோ.”

அவ்வளவுதான். வெட்டி விட்டார்கள். ஒருவர் எழுந்து நின்று ஏலாது என்று சொன்னால் சபை எத்தனை சுலபமாக இறங்கி வரும் என்பது அன்றைக்கு றவூபுக்குத் தெரிந்து போயிற்று. இதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. றவூபும் மறக்கவில்லை, மறந்திருந்தால் பின்னால் அவனுக்கு நித்திரையாவது வந்திருக்கும்.

அதே கூட்டத்தில், மிச்சச் சத்தங்களுக்கு எல்லாம் சேர்த்து ஒரே விதியாகப் போட்டார்கள். மேளம், வெடி, எதுவானாலும் இரண்டு வாரம் முந்தி எழுதிக் கேட்க வேண்டும். றவூபும் சம்மதமென்று கையை உயர்த்தினான். எழுந்து நின்று வலித்த முழங்காலோடு மறுபடி நிற்க அவனுக்குத் தெம்பிருக்கவில்லை.

அந்த மலையில் தப்பு மேளம் அடிப்பவர் வீரய்யா. கீழ்ப்பிரிவு லயத்தில் இருந்தார். அங்கே ஒரு வழக்கம். கல்யாணத்துக்குச் சொன்னால்தான் போக வேண்டும். சாவுக்குக் கேட்டாலே போக வேண்டும். சாவென்றால் வீரய்யாவும் கூட்டாளிகளும் தப்பைக் காய்ச்சி அடிப்பார்கள். அது முகட்டைத் தாண்டிக் கேட்கும். கேட்டதும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஆளுக்கொரு கட்டு விறகும் ஒரு சுண்டு அளவு அரிசியும் எடுத்துக்கொண்டு ஆட்கள் சத்தம் வருகிற திசையில் நடப்பார்கள். யார் செத்தது என்பதை வழியில் கேட்டுக்கொள்வார்கள். சாவு வீட்டில் மூன்று நாளைக்கு அந்த விறகும் அரிசியும்தான் அடுப்பு எரிக்கும். தப்புக் கேட்காமல் ஒருவர் வந்து வாயால் சொன்னால், நம்புகிற பழக்கம் அங்கே இல்லை. எத்தனையோ பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போது செத்ததாகச் சொல்லி, அவர்கள் பிழைத்துத் திரும்பி வந்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வீரய்யாவின் மனைவி இராஜகுமாரி இறந்துபோனார்.

வீரய்யா கடைக்கு வந்தார். பின்கதவில்தான் நின்றார். அன்றைக்குக்கூட அவருக்கு முன்கதவு தோன்றவில்லை.

“நானா, கோடித்துணி வேணும். சாம்பிராணி, கற்பூரம். அவ போயிட்டா.”

றவூப் கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தான். இராஜகுமாரி அக்காவை அவனுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். வாப்பா மௌத்தான வருடம் பெருமழை. பாதை முழுக்க மண் சரிந்து கிடந்தது. ஜனாஸாவைக் கொண்டுபோக வழியில்லை. பள்ளி ஒலிபெருக்கியில் கேட்டுவிட்டு இராஜகுமாரி அக்காதான் லயத்து ஆட்களை மம்பட்டியோடு கூட்டிக்கொண்டு வந்தார். மதியத்துக்குள் மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்து கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். வாப்பாவைச் சுமந்த சந்தூக்கு அந்தப் பாதையால்தான் போனது.

“நானா, தப்பு அடிக்கணும். பயலுகள வரச் சொல்லிட்டேன். அந்தக் கடிதாசி விசயம் ஒண்ணு இருக்குன்னாங்க. அதான் உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு.”

றவூப் தனபாலனுக்குத் தொலைபேசி எடுத்தான். முந்தின நாள்தான் மௌனகிரிக்கு மளிகைச் சாமான் முழுவதும் இனி அவனுடைய கடையிலிருந்துதான் என்று அவர் சொல்லியிருந்தார்.

“அச்சச்சோ. சரியான கவலையாக் கிடக்கு றவூப்,” என்றார் தனபாலன். “பாருங்கோ, சாவுக்கு நாங்கள் எதிரில்லை. சபை ஒருநாளும் சாவைத் தடை செய்யேல்லை. சத்தத்தை மட்டுந்தான். எழுதித் தந்தவையோ?”

“சாகப்போறது அவங்களுக்குத் தெரியாதே சேர்.”

“அதுதான் எங்கடை சனத்தின்ரை பிரச்சினை. திட்டமிடல் இல்லை.” அவர் பெருமூச்சு விட்டார். “இங்கை இப்ப மௌன வாரம் நடக்குது. ஒரு அமெரிக்க மனுசி வந்த நாள் தொட்டு ஒரு சொல்லுக் கதைக்கேல்லை. இண்டைக்குத்தான் உள்ளுக்கை என்னவோ திறக்குதாம். இப்ப தப்பை அடிச்சா அது பூட்டிப்போடும். ஒரு மனுசியின்ரை மனசு றவூப். நாங்கள் இரக்கமாத்தானே யோசிக்க வேணும்?”

“ஓ சேர், ஆனா இவங்கட வழக்கம்...”

“வழக்கத்தை நான் மதிக்கிறன். உயிரைக் குடுத்து மதிக்கிறன். ஞாயிற்றுக்கிழமை அதுக்கெண்டே ஒரு நிகழ்ச்சி வைச்சிருக்கிறம். அப்ப பாப்பம். இப்ப நீங்கள்தான் சொல்லி விளங்கப்படுத்த வேணும். நீங்கள் மண்ணின்ரை ஆள். இன்னொண்டு, பின்னேரம் விருந்தினர் சூரியன் மறையிறதைப் பாக்க வருவினம். அதுக்கு முந்திக் கொண்டுபோனால் நல்லம்.”

ஏலாது என்ற சொல் றவூபின் நாக்கில் இருந்தது. பள்ளிக்காக ஒருமுறை சொல்லிப் பார்த்த சொல்தான். புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவன் “சரி சேர்” என்றான்.

பின்கதவுக்குத் திரும்பி வந்தான்.

“வீரய்யாண்ணே, இண்டைக்கித் தப்பு வேணாம் போல. நான் செல்லல்ல. சபை.”

“சபைன்னா நீங்கதானே நானா. கழுத்துல போட்டிருக்கீங்களே.”

“இண்டைக்கி ஒரு நாளைக்கித்தானே.”

“சாவும் ஒரு நாளைக்குத்தான் நானா.”

வீரய்யா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் றவூபுக்குப் பொறுக்கவில்லை.

“ஃபோன்ல செல்லுவம்.”

“மேற்பிரிவுல சிக்னல் ஏது.” கோடித்துணியை வாங்கி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “மருமவன அனுப்பிப் பாக்கறேன். நம்ப மாட்டாங்க.”

அவர் சொன்னதுதான் நடந்தது. மருமகன் முகட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். மேற்பிரிவிலிருந்து ஒருவரும் வரவில்லை. கீழ்ப்பிரிவிலும் பாதிப்பேர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்காததால் பறித்துக்கொண்டேயிருந்தார்கள். மூன்று மணிக்குள் பாடையைத் தூக்க வேண்டியதாயிற்று. தோள் மாற்ற ஆளில்லை. றவூப் ஒரு கால் பக்கம் பிடித்தான். ஒவ்வொரு வளைவிலும் இறக்கி வைத்து, மூச்சு வாங்கித் தூக்கினார்கள். அந்த மலையில் செத்த அத்தனை பேருக்கும் முன்னால் நடந்து தப்பு அடித்த வீரய்யா, வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பாடைக்கு முன்னால் நடந்தார். பங்களா மதிலோரம் போகும்போது செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. உள்ளே புல்தரையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் திரும்பவில்லை. அமைதி அன்றைக்கு மிகச் சிறப்பாக நிலவிற்று.

மாலையில் சபையிலிருந்து மக்கிப்போகிற மலர்வளையம் ஒன்று வந்தது. கூடவே ஒரு சான்றிதழ்: ‘அமைதிக்கு வழங்கிய முன்மாதிரியான ஒத்துழைப்புக்காக, திரு. வீரய்யா குடும்பத்தினருக்கு.’ றவூப்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவன் வளையத்தை வைத்துவிட்டு, சான்றிதழைக் கொண்டுவந்து கருவாட்டுச் சாக்குக்கு அடியில் செருகினான்.

மனைவி நஸ்லியா அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காரவில்லை. குசினி வாசலில் நின்றாள்.

“நீங்க செல்லித்தான் தப்பு அடிக்கல்லயாம். மெய்யா?”

“சபை முடிவு.”

“அந்த அக்காட மையத்த நாலஞ்சு பேரு தூக்க ஏலாம தூக்கிட்டுப் போனத நான் மதிலுக்கு இங்கால நிண்டு பாத்த. பள்ளி ஸ்பீக்கருக்கு எழும்பி நிண்டீங்க தானே. அண்டைக்கி வீட்டுக்கு வந்து என்னமா பெரும பேசினீங்க. இதுக்கும் ஒருக்கா எழும்பி நிண்டிருந்தா கால் ஒடைஞ்சா போற?”

றவூப் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தான். வாப்பாவின் சந்தூக்குப் போன பாதையும், சேலைத் தலைப்பால் துடைத்த முகமும் தட்டில் வந்து நின்றன. அவனுக்கு வெட்கமாக இருந்தது. தன் ஊர் மௌத்துக்குச் சத்தம் வேண்டும், அவர்களுடைய சாவுக்கு வேண்டாம் என்று முடிவு செய்தவன் அவன்தான். சபைக்கு அந்த வித்தியாசம்கூடத் தெரியாது.

சனிக்கிழமை தனபாலன் கடைக்கே வந்தார். ஞாயிற்றுக்கிழமை ‘மண்ணின் துடிப்பு’ என்ற நிகழ்ச்சியோடு மௌன வாரம் நிறைவடைகிறது. கண்டியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள். கலப்படமில்லாத தப்பு வேண்டும்.

“வீரய்யாவைத்தான் கேக்க வேணும்,” என்றார். “அவரின்ரை முகத்திலை இப்ப ஒரு சோகம் இருக்கு பாருங்கோ. படத்துக்கு நல்லா வரும்.”

“அவங்க ஊட்டுல வெள்ளிக்கிழமதான் மௌத்து சேர். இப்ப அடிக்க மாட்டாங்க.”

“கேட்டுப் பாருங்கோவன்.”

கேட்கக் கூடாது என்று தெரிந்தே றவூப் போய்க் கேட்டான். வீரய்யா லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். மகள் கிருஷாந்தி உள்ளே அணைந்த அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். மூலையில் ஈர விறகு இரண்டு துண்டு கிடந்தது. றவூப் ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

வீரய்யா அவனை நன்றாகப் பார்த்தார்.

“அனுமதி இருக்கா நானா?”

“ஈக்கி. சபையே குடுத்திருக்கு.”

“கடிதாசில இருக்கா?”

“ஈக்கி வீரய்யாண்ணே. அஞ்சரையில இருந்து ஏழு மட்டும்.”

“மலைக்கெல்லாம் கேக்கற மாதிரி அடிக்கலாமா?”

“நல்லாக் கேக்கோணும் எண்டுதான் செல்றாங்க.”

“அப்ப சரி,” என்றார் வீரய்யா. “பயலுகளக் கூட்டிட்டு வாறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மாலை. புல்தரையைச் சுற்றிப் பெரிய மனிதர்களும் வெளிநாட்டு விருந்தினரும் தலையணைகளில் உட்கார்ந்திருந்தார்கள். தப்பைக் காய்ச்ச வைக்கோல் எரிக்கக் கூடாதென்று சப்னா சொல்லிவிட்டாள், புகை வரும். அதனால் வீரய்யாவின் ஆட்கள், கோழி சுடுகிற அடுப்பில் கோழித் துண்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தப்பைக் காய்ச்சினார்கள். தனபாலன் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இந்த மலைக்கு ஒரு இதயத் துடிப்பு இருக்குது,” என்றார். “நாங்கள் வந்திராட்டி அது இண்டைக்கு அழிஞ்சு போயிருக்கும். சனம் தங்கடை மரபை மறந்து கொண்டு வருது. இந்தச் சத்தத்தைக் கேட்டே கன காலம் எண்டு ஊராக்களே சொல்லுகினம். அதைக் காப்பாத்த எங்கடை சபை இருக்கு.”

கைதட்டல் எழுந்தது. வீரய்யா தப்பை இடுப்பில் சாய்த்துக்கொண்டார். முதல் அடி விழுந்தது.

றவூபுக்கு அந்த அடி தெரியும். அந்த மலையில் பிறந்த எவனுக்கும் தெரியும். கடைக்குள் இருந்துகொண்டே எத்தனையோ முறை, ‘யாரோ போயிட்டாங்க’ என்று எழுந்து பார்க்க வைத்த அடி. வீரய்யா யாரையும் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அடித்திருக்க வேண்டியதை அடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க அவருக்குக் கை இல்லை.

“நல்ல உசார்,” என்று தனபாலன் காதருகே சொன்னார். “இது என்ன அறுவடைத் தாளமோ?”

சொல்லிவிடலாம். சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

“பழைய தாளம் சேர்,” என்றான் றவூப். “நடுவுல நிப்பாட்ட ஏலா.”

ஏலாது என்ற சொல் இந்த முறை தானாக வந்துவிட்டது. இரண்டு நாள் பிந்தி.

கொஞ்ச நேரத்தில் முகட்டில் ஆட்கள் தெரிந்தார்கள். ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமையானதால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், எல்லோரும் வந்தார்கள். ஆண்கள் தோளில் விறகுக்கட்டு, பெண்கள் கையில் துணியால் மூடிய அரிசிச் சுண்டு. சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே போவது வழக்கம். சத்தம் பங்களாவிலிருந்து வந்தது. பங்களாவுக்கே வந்தார்கள்.

காவல்காரன் கேற்றைத் திறந்துவிட்டான். அவனும் கீழ்ப்பிரிவுதான். சப்னா ஓடிவந்து, எதிர்பாராத கலைஞர்கள் என்று நினைத்து, ஒவ்வொருவருக்கும் கும்பிட்டு, எலுமிச்சைப்புல் போட்ட சேரைத் தேநீர் கொடுத்தாள். சாவு வீட்டில் தேத்தண்ணி கொடுப்பார்கள் என்பதால் அவர்களும் பேசாமல் வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு, வட்டமாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். யாருக்கு என்று தெரியாததால் முதலில் பொதுவாக அழுதார்கள். அந்த அமெரிக்க மனுஷி எழுந்து போய் நடுவில் உட்கார்ந்து, வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து உரத்து அழுதாள். ஒரு கிழவி அவள் தலையைத் தடவிவிட்டு, “உன் ஆளுதானாம்மா?” என்று கேட்டாள்.

தனபாலன் கண் கலங்கிவிட்டார்.

“றவூப், இது நிரலிலை இல்லையே! ஆர் ஒழுங்கு செய்தது? அந்த விறகு... என்ன ஒரு யோசனை. இதை மாசாமாசம் செய்வம்.”

றவூப் பதில் சொல்வதற்குள் மேற்பிரிவுத் தோட்டத் தலைவர் மோகனராஜ் அவனருகே வந்தார். வயதானவர். தோளில் ஒரு பெரிய கட்டு.

“நானா, யாரு போனது? துரை பங்களாவுல யாரு?”

“இராஜகுமாரி அக்கா.”

“எப்ப?”

“வெள்ளிக்கிழம.”

மோகனராஜ் திரும்பித் தப்படிக்கிற வீரய்யாவைப் பார்த்தார். அந்த முகத்தை அப்போதுதான் கவனித்தார்.

“அவரு மருமவன் வந்து சொன்னான்,” என்றார் மெதுவாக. “தப்புக் கேக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பாங்க, பதட்டத்துல சொல்றான்னுட்டு வேலைக்குப் போயிட்டோம். அடப்பாவமே. ஏன் நானா அடிக்கல? யாரு வேணாம்னது?”

சபை என்று சொல்ல இடமிருந்தது. தனபாலன் பக்கத்திலேயே நின்றார். அது பொய்யும் இல்லை.

“நான்தான் வேணாமெண்ட,” என்றான் றவூப். “எங்கட வாப்பாட மௌத்துக்கு அவங்க பாதை தொறந்தாங்க. அவங்கட மௌத்துக்கு நான் வாயத் தொறக்கல்ல.”

மோகனராஜ் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. தோளிலிருந்த விறகுக்கட்டை இறக்கி அவனுடைய தோளில் வைத்தார்.

“சாவு வீடு இங்க இல்லையே. நாங்க இதுவரைக்கும் தூக்கிட்டு வந்துட்டோம். மிச்சத்த நீங்க தூக்குங்க.”

கனமான கட்டு. பச்சை நாடாவும் அட்டையும் விறகுக்கும் கழுத்துக்கும் நடுவே மாட்டி அறுத்தன. றவூப் நடந்தான். ஆட்கள் செய்தியை ஒருவருக்கொருவர் சொல்லி எழுந்தார்கள். பெண்களின் ஒப்பாரியில் இப்போது பெயர் வந்துவிட்டது. வீரய்யா அடிப்பதை நிறுத்தாமலே திரும்பி, எல்லோருக்கும் முன்னால் கேற்றைத் தாண்டினார். எப்போதும் அவர் நடக்கிற இடம் அதுதான்.

“றவூப், எங்கை போறியள்? இன்னும் நன்றியுரை இருக்கு,” என்று பின்னால் தனபாலன் கூப்பிட்டார். “அனுமதி ஏழு மட்டுந்தான், ஞாபகம்.”

லயத்து வாசலில் கிருஷாந்தி ஓடிவந்தாள். பாதை முழுக்க ஆட்கள் வருவதைக் கண்டதும் அப்படியே குந்திவிட்டாள். இரண்டு நாளாக அழாதவள் அப்போது அழுதாள். விறகுக்கட்டுகள் ஒவ்வொன்றாகச் சுவரோரம் ஏறின. றவூப் தன் கட்டை அடுப்படிக்கே கொண்டுபோய் இறக்கினான். தோள் தோலுரிந்திருந்தது. அது சின்ன வலி. அவன் செய்ததற்கு அது ஈடாகாது என்று அவனுக்குத் தெரிந்தது. இராஜகுமாரி அக்கா வெள்ளிக்கிழமை போன பாதையில் இவர்களில் ஒருவரும் நடக்கவில்லை. இனி நடக்கவும் முடியாது.

வெளியே தப்பு நின்றது. வீரய்யா மூச்சு வாங்க, தோலைத் தடவிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“நானா, மணி என்ன ஆச்சு? ஏழு ஆயிருச்சா?”

றவூப் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஏழரைக்கு மேல் ஆகியிருந்தது. அவன் சட்டைக் கையை இழுத்து அதை மூடினான்.

“இன்னம் நேரம் ஈக்கி வீரய்யாண்ணே,” என்றான். “அடிங்க.”